நானூறு பேரு நல்லாருக்குன்னாங்க

நீங்க இத்தனை சின்னப் பையனா இருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க தம்பி. எங்கூட்டுக்காரரு பாட்டைப் பத்தி நெட்டுல நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, மீசை வெச்ச கோவக்கார மனுசராட்ட மனசுல வெச்சிருந்தேன். வாசல்ல நின்னுட்டு "செந்நாய் பேண்டு நந்தகோபால் வீடு இதுங்களா"ன்னு கேட்டீங்களே, கூரியர் குடுக்க வந்த பையன்னு நெனைச்சுட்டேன். உக்காருங்க. பெங்களூர்ல இருந்து ராத்திரியெல்லாம் ரயிலு, அப்பறம் கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸு. இடுப்பு ஒடைஞ்சிருக்கும்.

மெதுவாப் பேசிக்கலாமுங்க. அவரு அந்த ரூம்லதான் இருக்காரு. தூங்கல. செவுத்தைப் பாத்துட்டுப் படுத்திருக்காரு, அவ்வளவுதான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றனுங்க. பேட்டி குடுக்கறேன், ஊட்டுக்கு வாங்கன்னு உங்களுக்கு மெசேஜ் அனுப்பினது அவரில்லை, நாந்தான். அவரு போனை எடுத்து அவராட்டவே அனுப்பினேன். கோவிச்சுக்காதீங்க. கோகிலாமணின்னு ஒருத்தி, எங்கூட்டுக்காரரு சோறு தண்ணியில்லாமக் கெடக்கறாரு, வந்து காப்பாத்துங்கன்னு கூப்புட்டா வந்திருப்பீங்களா? பைத்தியம்னு நெனைச்சிருப்பீங்க. இப்பவும் நெனைச்சுக்கங்க, பரவால்ல. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அவங்க பேண்டு போட்ட 'உப்பாறு' ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்சது கம்ப்யூட்டர் இல்லை, மனுசன்தான், இவருதான்னு நீங்க மறுக்கா எழுதோணும். எழுதிட்டு அந்த ரூமுக்குள்ள போயி அவருகிட்ட உங்க வாயால சொல்லோணும். அதைக் கேட்டார்னா எந்திரிச்சு உக்காந்துருவாரு.

எந்திரிக்கலைன்னா? அதை நான் நெனைக்கறதே இல்லீங்க. நெனைச்சா கையுங்காலும் ஓடமாட்டீங்குது. அந்த ரூமுத் தாப்பாளை ஸ்குரூ டிரைவர் வெச்சு நானே கழட்டிட்டேன், பாத்தீங்களா, கதவுல ஓட்டை மட்டும்தான் இருக்குது. மனுசன் எதுக்கு உள்ள தாப்பா போடறாருன்னு ஒவ்வொரு தடவையும் வெளிய நின்னு கதவைத் தட்டிட்டிருக்கறதுக்கு, தாப்பாளே இல்லாமப் போவட்டும்னு கழட்டிட்டேன். கழட்டறதைப் பாத்துட்டே படுத்திருந்தாரு.

அவரு டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறாருங்க. அந்த வண்டியில சொல்லித் தர்றவங்க பக்கமும் கிளச்சும் பிரேக்கும் இருக்குமில்லீங்க, அதுல பொழுதுக்கும் அவரு காலு தாளம் போட்டுட்டேதான் இருக்கும். மிதிக்கறது இல்லை, சும்மா மேல மேல தொடறது. ஒரு வாத்தியாரம்மா, நான் நல்லா ஓட்டிட்டிருக்கையில உங்க ஆளு எதுக்குங்க பயந்து பயந்து பிரேக்கைத் தேடறாருன்னு ஓனர்கிட்டச் சண்டைக்கே போயிருச்சு. பயமெல்லாம் இல்லை, எண்ணிட்டிருக்காரு. ஏழேழா எண்ணிட்டே போவாராமா, திடீர்னு அஞ்சுக்கு மாறோணுமாமா, அப்பறம் பதினொண்ணு. அந்தப் பாட்டு அப்படித்தானாமா. புரோகிரஸிவ் டெத் மெட்டலுன்னாரு. எங்கம்மா, சாவூட்டுக்கு வாசிக்கறதுங்களா மாப்பளன்னு கேட்டுச்சு. அதுக்கும் சிரிச்சாரு. அப்பெல்லாம் சிரிப்பாருங்க.

எனக்கு அந்தப் பாட்டுப் புரியாது, உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லோணும். முகிலன்னு ஒரு பையன் பாடறானில்லீங்க, அவன் மொத தடவை நம்மூட்டுல வெச்சுப் பாடிக் காட்டினப்ப, பக்கத்தூட்டு எருமை கவுத்தை அத்துட்டுப் போயிருச்சு. அதுக்கப்பறம்தான் கிட்டார்க்கார ஜெரால்டு அவங்க மாமனோட நார் குடோன்ல எடம் வாங்கிக் குடுத்தான். தேங்கா நாரு, மஞ்சு மூட்டையெல்லாம் சுத்தி அடுக்கி வெச்சிருப்பாங்க, சத்தம் வெளிய போவாது. ஞாயித்துக்கெழமை ஆனா அவரும் ஜெரால்டும் அங்கதான். காலேஜ்ல இருந்தே ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தான் சுத்துவாங்க. ஜெரால்டு கல்யாணத்துக்கு இவருதான் மாப்பிள்ளைத் தோழன்.

பெரிய டிரம்மை ரெண்டு காலாலயும் பெடலை மிதிச்சு மிதிச்சுத்தானே வாசிக்கோணும், ரெக்கார்டிங் முடிஞ்சு வந்த அன்னைக்கு அவரு பாதம் ரெண்டும் வீங்கிப் பன்னு மாதிரி இருந்துச்சுங்க. கெண்டைக்கால் கல்லாட்டம். சுடுதண்ணியில வெச்சுத் தைலம் தேச்சுவுட்டது இந்தக் கையி. நீங்களே சொல்லுங்க தம்பி, கம்ப்யூட்டருக்கு யாராச்சும் தைலம் தேச்சுவுடுவாங்களா?

செரி, அதை உடுங்க. ஆல்பம் வந்துச்சு. நெட்டுல போட்டாங்க. கேட்டவங்க அவங்கவங்க அபிப்பிராயத்தை அடியில எழுதறாங்க. மொத ரெண்டு வாரத்துல ஒரு ஏழெட்டுப் பேரு எழுதியிருப்பாங்களோ என்னவோ. அதுல சிலி நாட்டுக்காரன் ஒருத்தன், ரெண்டாவது பாட்டுல தாளம் மாறற எடத்துல நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டு மறுபடி கேட்டேன், இந்த டிரம்ஸ்காரர் யாருன்னு எழுதியிருந்தான். அதை எங்கூட்டுக்காரரு எனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டினாரு. அன்னைக்கு ரெண்டு தோசை சாஸ்தியாச் சாப்புட்டாரு. போனை வெச்சுட்டு எந்திரிச்சுப் போவாரு, திரும்பி வந்து மறுக்கா எடுத்து அதையே படிப்பாரு. இன்னொருத்தன், நாலாவது பாட்டு நீளம் சாஸ்தி, நடுவுல தொய்யுதுன்னு எழுதினதுக்கும் சந்தோசப்பட்டாருங்க. ஆமா கோகிலா, அவன் சொல்றது செரிதான், காதைத் தீட்டிட்டுக் கேட்டிருக்கான் பாருன்னாரு.

எனக்குத்தான் மனசு ஆறல. என்னங்க இது அநியாயம்? கல்யாணமான நாள்ல இருந்து பாத்துட்டிருக்கேன், ஒரு சினிமா கிடையாது, ஒரு ஊட்டி கொடைக்கானல் கிடையாது, ஞாயித்துக்கெழமைன்னா குடோன். இத்தனை பாடுபட்டதுக்கு ஏழெட்டுப் பேருங்களா? எங்க மகளிர் குழு வாட்ஸப்புல கனகாம்பரம் முறுக்குச் சுட்டுப் போட்டோ போட்டான்னா, அரை மணி நேரத்துல அம்பது பேரு கை தட்டற படம் போடுவாங்க.

நான் மகளிர் குழுக் கூட்டமைப்புக்குத் தலைவிங்க. எங்க ஊராட்சியில இருக்கற அத்தனை குழுவும் என் கைக்குள்ளதான். கலெக்டர் வர்றார்னா மூணு வண்டி ஆளுகளை நான் ஒரே போன்ல கெளப்பிருவேன். அப்படிப்பட்டவ எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் பண்ணாம எப்படி உக்காந்திருக்கறது?

அவருகிட்டச் சொல்லல. சொன்னா வேண்டாம்பாரு. அதுவுமில்லாம, கேட்டு வாங்கின பாராட்டுன்னு தெரிஞ்சா மனசு நெறையுங்களா? தானா வந்தாப்புல இருக்கோணும். அதனால எல்லாக் குழுவுக்கும் போன்ல தாக்கல் சொல்லிவுட்டேன். யாரும் எங்க சொந்தம்னு காட்டிக்கக் கூடாது, பாட்டைக் கேட்டுட்டு நல்லபடியா நாலு வார்த்தை எழுதோணும். வாரக் கூட்டத்துல எல்லாரும் போனை எடுத்து வெச்சுட்டு உக்காந்தாங்க. எழுதினதைக் காட்டினாத்தான் வருகைப் பதிவேட்டுல கையெழுத்து. இல்லாட்டி வேலை நடக்காதுங்க, நம்ம ஆளுகளைப் பத்தி எனக்குத் தெரியும்.

என்ன எழுதறதுன்னு தெரியாம முழிச்சாளுக. நானே ஒரு மாதிரி எழுதி அனுப்பினேன். 'பாடல்கள் மிகவும் அருமை. மனதிற்கு இதமாக உள்ளது. டிரம்ஸ் வாசித்தவர் நீடூழி வாழ்க, மேன்மேலும் வளர்க.' கீழ, 'இதை அப்படியே போடாமல் சொந்த நடையில் மாற்றி எழுதவும்'னும் தெளிவாப் போட்டிருந்தேன். பாதிப் பேரு அந்த வரியையும் சேத்தே போட்டுட்டாளுக. கெரகத்த என்னன்னு சொல்றது? ஒருத்தி 'கோகிலாக்கா, நான் போட்டுட்டேன்'னு அங்கயே எழுதிட்டா. உடனே போன் போட்டுத் திட்டி அழிக்க வெச்சேன். கருப்பாத்தா அக்கா மட்டும் நெசமாவே சொந்தமா எழுதிச்சுங்க, 'தெய்வீகக் குரல், காலையில் கேட்டால் அந்த நாளே மங்களம்'னு. முகிலன் தொண்டையைக் கிழிச்சுட்டுக் கத்தற பாட்டுக்கு. ஆனா அது மனசாரத்தான் எழுதியிருக்கும், கேட்டிருக்காது, அவ்வளவுதான். எல்லாரும் ரோசாப்பூவும் கும்பிடற கையும் போட்டாங்க. ஒரே வாரம். நானூறு பேரு நல்லாருக்குன்னாங்க தம்பி. நானூறு பேரு.

நீங்க ஏங்க அப்படிக் குனிஞ்சுக்கறீங்க? தண்ணி குடிங்க.

அந்த வாரம் முடியறப்ப ஒரு நாள் அவரு போனைப் பாத்துட்டே நின்னாரு. மூஞ்சியில ரத்தமே இல்லை. நான் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தேன். பாவம், சந்தோசத்துல மனுசனுக்குப் பேச்சு வரலைன்னு நெனைச்சு, நானும் ஒண்ணுந் தெரியாதவளாட்ட, என்னங்க ஏதாச்சும் விசேசமான்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டுச் செருப்பைப் போட்டுட்டு வெளிய போயிட்டாரு. ஜெரால்டைப் பாக்கப் போனாருன்னு அப்பறம் தெரிஞ்சுது.

அதுக்கடுத்த நாலாம் நாளுதானே நீங்க எழுதினீங்க. எனக்கு மனப்பாடமுங்க. 'கேட்பவர்களையே விலைக்கு வாங்கும் ஓர் இசைக்குழு, டிரம்ஸ் வாசிப்பவரை மட்டும் எதற்காக உண்மையாக வைத்திருக்கப் போகிறது? இந்தக் கால்கள் மனிதக் கால்கள் அல்ல.' நாக்குல நரம்பில்லாம எப்படிங்க தம்பி அதை எழுத மனசு வந்துச்சு? நாங்க யாரை விலைக்கு வாங்கினோம்? கூட்டத்துக்கு வந்த பொம்பளைகளுக்கு ஒரு டீ கூட நான் வாங்கிக் குடுக்கல. மாரியம்மன் மேல சத்தியமாச் சொல்றேன், ஒருத்திக்கும் ஒத்தைப் பைசா குடுக்கல. எல்லாம் எம்மேல இருக்கற பிரியத்துல எழுதினது. அப்ப நீங்க எழுதினது பொய்யா இல்லையா?

உங்களைப் பாத்து மத்தவங்களும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. மெஷினு, மெஷினு, மெஷினு. சிலிக்காரன் கூட, நான் ஏமாந்துட்டேன்னு எழுதிட்டுத் தான் மொதல்ல எழுதினதை அழிச்சுட்டான். அதுதானுங்க அவருக்குப் பொறுக்கல. நீங்க எழுதினதைப் படிச்சப்பக்கூட நின்னுட்டுத்தான் இருந்தாரு. சிலிக்காரன் அழிச்சது தெரிஞ்சதும் இங்க, இதே எடத்துல உக்காந்துட்டாரு. அப்பறம் குடோனுக்குப் போயி, காலு தெரியறாப்புல வெச்சுப் படம் புடிச்சு, முழுப் பாட்டையும் வாசிச்சுப் போட்டாரு. அந்தப் படத்தையும் வெட்டி ஒட்டவெச்சதுன்னுட்டாங்க. கொச்சியில ஒரு விழாவுக்குக் கூப்புட்டிருந்தவங்க, இந்தத் தடவை வேண்டாமுங்கன்னுட்டாங்க.

நான் சும்மா இருக்கலீங்க. நீங்க எழுதினதுக்கு அடியில எங்க ஆளுக வந்து எழுதினாங்கல்ல, பாத்திருப்பீங்க. அதுவும் நாந்தான் ஏவிவுட்டது. 'உன் குடும்பம் வெளங்காது'ன்னு எழுதினது நம்ம செல்லாத்தா. அதுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசுல ஒண்ணும் வெச்சுக்காது. அதுக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். மறுபடி ஒரு எரநூறு பேரை எறக்கினேன். அவரு பேரு நாறிட்டிருக்கையில கையைக் கட்டிட்டு உக்காரச் சொல்றீங்களா?

ஆனா என்ன பண்ணியும் அவரு தேறல. நாளுக்கு நாள் மோசமாத்தான் போனாரு. ஒரு நாள் குடோன்ல பெரிய சண்டையாமா, ஜெரால்டைக் கைநீட்டி அடிச்சுட்டாராமா. முகிலன்தான் வந்து சொன்னான். ஊட்டுக்கு வந்தவரு சட்டையெல்லாம் கிழிஞ்சு நின்னாரு. அவனைத் தவிர வேற யாரு கோகிலா பண்ணியிருப்பா, பேண்டோட நெட்டு, போனு எல்லாம் அவன் கையிலதான் இருக்குது, ஆசைப்பட்டு எங்கயோ ஆளுகளைப் புடிச்சுட்டு வந்து எழுத வெச்சுட்டான், கேட்டா இல்லவே இல்லைன்னு சாதிக்கறான்னாரு. ஆளுகன்னு அவரு உங்களைத்தான் சொல்றாருன்னு எனக்குப் புரிஞ்சுது. உங்களுக்குப் பாட்டை அனுப்பி, எழுதுங்கன்னு கேட்டது ஜெரால்டுதானுங்களே. அவன்தானே உங்களைப் புடிச்சுட்டு வந்தது. அதனால நானும் ஆமாங்க, அவன் அப்படிப்பட்டவன்தான், எனக்கு எப்பவுமே அவன் மேல ஒரு இதுதான்னு சொன்னேன். ஒரு வார்த்தை சேத்தே சொன்னேன். அவருக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான்.

அன்னைக்குப் படுத்தவருதான். வேலைக்குப் போறதில்லை. ஊட்டுனா ரெண்டு வாயி. பேச்சு சுத்தமா நின்னுபோச்சு. காலு ஆடலீங்க தம்பி. தூக்கத்துல கூட அந்தக் காலு ரெண்டும் ஆடும், கல்யாணமான புதுசுல கட்டலு ஆடுதேன்னு நான் பயந்திருக்கேன். இப்பப் பொணமாட்டக் கெடக்குது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்து, இவரைத் தனியா உடாதீங்கன்னு என்னைய மட்டும் தள்ளிக் கூட்டிட்டுப் போயி சொன்னாங்க. தனியா உடாதீங்கன்னா என்னங்க அர்த்தம்? எனக்குத் தெரியாதுங்களா? நான் குளிக்கப் போனாக் கூடக் கதவைத் தொறந்து வெச்சுட்டுத்தான் குளிக்கறேன்.

உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன் தம்பி. உங்களுக்கு அது ஒரு பத்து வரி. எழுதி முடிச்சுட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போயிருவீங்க. எனக்கு இவரை உட்டா வேற யாருமில்லீங்க. மெஷின் இல்லைன்னு மட்டும் எழுதுங்க. வேணும்னா நீங்க எழுதினதுக்கு அடியில எங்க ஆளுகளை உட்டு ஆகா ஓகோன்னு எழுதச் சொல்றேன். ஆயிரம் பேரு வேணும்னாலும் எழுதுவாங்க.

என்னங்க? மெதுவாச் சொல்றீங்க, கேக்கல.

ஆமாங்க. எல்லாமே எங்க குழு ஆளுகதான். ஜெரால்டா? ஜெரால்டுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? அவனுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது. பாராட்டி எழுதின நானூறு பேரையும், ஒருத்தி உடாம, எழுத வெச்சது நாந்தானுங்க. அவருக்கா? அவருக்கு எப்படிங்க தெரியும், அதான் சொன்னேனே, தானா வந்தாப்புல…

யாரைப் பாக்கறீங்க?

ஏனுங்க. ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்களா? செவுத்தைப் புடிச்சுட்டு நில்லுங்க, தலை சுத்தப் போவுது. தம்பி, பாருங்க, தானா எந்திரிச்சு வந்திருக்காரு. இவருதாங்க அந்த பெங்களூர்த் தம்பி, உங்களைப் பாக்கத்தான் வந்திருக்காரு. என்ன? என்ன கேட்டீங்க?

ஆமாங்க. நாந்தான். நீங்க சந்தோசப்படோணும்னு…

பேசிட்டாரு தம்பி. 'நீயா கோகிலா'ன்னு கேட்டாரு, கேட்டுச்சுங்களா உங்களுக்கு? எம்பேரைச் சொல்லிட்டாரு. எத்தனை நாளாச்சு இந்தச் சத்தத்தைக் கேட்டு. இருங்க, போனுங்களா வேணும்? இந்தாங்க. யாருக்குங்க? நான் போட்டுத் தரட்டுமா?

ஜெரால்டுக்குத் தம்பி. ஜெரால்டுக்குத்தான் போடறாரு. எடுத்துட்டானாட்ட இருக்குது. 'நீ இல்லடா, நீ இல்லடா'ங்கறாரு, வேற வார்த்தையே வர மாட்டீங்குது. அழுவறாரு பாருங்க. அழுவட்டும், இத்தனை நாளா ஒரு சொட்டு அழுவல. நீங்க வந்த நேரம் நல்ல நேரமுங்க தம்பி.

என்னங்க, தரையில உக்காராதீங்க, குளுரும். எங்கையைப் புடிச்சுட்டு எந்திரிங்க.

செரி, செரி. தொடல.

என்னையத்தான் திரும்பிப் பாக்க மாட்டீங்கறாரு. பாப்பாரு. ஜெரால்டுகிட்டப் பேசி முடிக்கட்டும், அப்பறம் பாப்பாரு. நீங்க எதுக்குப் பையை எடுக்கறீங்க? காப்பி கூடக் குடிக்கல. சித்த இருங்க தம்பி. அவரு என்னைய ஒரு வார்த்தை கேக்கற வரைக்குமாச்சும் இருங்க. இப்பப் போயிராதீங்க.